இருபத்து மூன்று வீடுகள் சிவப்பான புதன்கிழமை

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை மணி 8.40. வானம் மூடிக் கிடந்தது. மழை வருவதுபோல் காட்டிவிட்டு, வராமல், வெக்கையை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தது. மலாக்கா நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில்தான் அப்போது நம் கிளை அலுவலகம் இருந்தது. இருபத்தெட்டுப் படிகளையும் ஏறி, மூச்சு வாங்கி, கணினியைத் திறந்தேன். பட்டியலில் இருபத்து மூன்று வீடுகள் சிவப்பாக இருந்தன.

நீங்கள் புதிதாக வந்திருப்பவர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். படங்களையும் தொடர்களையும் இணையம் வழியாக வீட்டுக்கு அனுப்பி, மாதச் சந்தா வாங்குவது நம் தொழில். அப்போது சந்தா 14 ரிங்கிட் 90 சென், பேச்சில் பதினைந்து வெள்ளி. ஒரு வீட்டில் ஏழு நாள் தொடர்ந்து எதுவும் ஓடவில்லை என்றால் அந்த வீடு பட்டியலில் சிவப்பாகிவிடும். மலாக்கா மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு வீடு சிவப்பாவது வழக்கம். ஒருவர் ஊருக்குப் போயிருப்பார், ஒருவருக்கு இணையம் அறுந்திருக்கும். அதற்கெல்லாம் நான் கவலைப்பட மாட்டேன் என்று சொல்லமாட்டேன். கவலைப்படுவேன், ஆனால் அளவாக.

இருபத்து மூன்று என்பது அளவில் அடங்கவில்லை. முகவரிகளைப் பார்த்தேன். இருபத்து மூன்றும் புக்கிட் காத்திலில் ஒரே தாமான் குடியிருப்பு, அதிலும் ஒரே லோரோங், ஒரே சந்து. எல்லா வீட்டிலும் கடைசியாக ஏதாவது ஓடிய நாள் ஜூன் ஆறு. அன்று மாலையிலிருந்து ஒரு வீட்டில்கூட ஒரு நிமிடம் ஓடவில்லை.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஜூன் 30 அன்று மலாக்காவில் ஆயிரத்து இருநூறு வீடுகளுக்குக் குறைவாகச் சந்தா இருந்தால் கிளையை மூடி ஜொகூரோடு சேர்த்துவிடுவார்கள். எங்களிடம் இருந்தவை 1,214. அதில் இருபத்து மூன்றைக் கழித்தால் 1,191. நான் மூன்று முறை கழித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதே விடைதான் வந்தது. எனக்கு அப்போது வயது அறுபத்து நான்கு, ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம். ஆனால் தொலைபேசியில் பேசும் இரண்டு பெண்களுக்கும் டெக்னீஷியன் காதருக்கும் அது சோற்றுப் பிரச்சினை. காதருக்கு நாற்பத்தெட்டு வயது, மலாக்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், நான்கு பிள்ளைகள். ஜொகூருக்குப் போகச் சொன்னால் வேலையைத்தான் விடுவார்.

"காதர், யாரோ நம்ம லோரோங்கத் தூக்கிட்டான்" என்றேன்.

"யாரு சார்?"

"புதுசா ஒரு கம்பெனி ஆறு மாசம் ஃப்ரீன்னு சொல்லிக்கிட்டு அலையிறான்ல, அவன்தான். ஒரே நாள்ல இருபத்து மூணு வீடு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுறலாமே சார்?"

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். காதர் சொன்னதுதான் சரி. ஆனால் நம் தொழிலில் பழைய ஆட்கள் நம்பிய ஒரு விதி உண்டு: பார்க்காமல் சந்தா கட்டுகிறவனைக் கூப்பிட்டு எழுப்பாதே, எழுப்பினால் அவன் செய்கிற முதல் காரியம் சந்தாவை நிறுத்துவது. இந்த விதியை நான் பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதனால் போனைத் தொடவில்லை. நேரில் போய், கையில் பரிசோடு, திடீரென்று நின்று, அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கிளைக்கு விளம்பரச் செலவுக்கு என்று 1,500 ரிங்கிட் இருந்தது. ஒரே நாளில் இறங்கினேன். பதாகை 180. ஒலிபெருக்கி கட்டிய வேன் வாடகை 250. துண்டறிக்கை 68. வீட்டுக்கு ஒன்றும், எதிர் லோரோங்கில் புதிதாக யாராவது சேர்ந்தால் கொடுக்கக் கொஞ்சமுமாக நாற்பத்தெட்டு பிஸ்கட் டின், ஒன்று 18.50 வீதம் 888. மொத்தம் 1,386. ஒவ்வொரு டின் மூடியிலும் 'வாங்க, மறுபடியும் சேர்ந்து சிரிப்போம்!' என்று அச்சடித்த ஸ்டிக்கரை என் கையாலேயே ஒட்டினேன். கோணலாக ஒட்டினால் எனக்குத் தூக்கம் வராது.

மறுநாள் வியாழக்கிழமை மாலை மணி 5.25க்கு வேன் அந்த லோரோங்குக்குள் நுழைந்தது. காதர் ஒலிபெருக்கியைப் போட்டார். நல்ல குத்துப் பாட்டு. நான் வேன் கதவைத் திறந்துகொண்டு, ஒரு காலைப் படியில் வைத்து, கையில் டின்னைத் தூக்கிக் காட்டியபடி நின்றேன்.

கதவுகள் எல்லாம் திறந்தன. ஆனால் யாரும் வெளியே வரவில்லை. நிலைப்படியில் நின்று எங்களையே பார்த்தார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, டின்னை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினேன்.

ஐந்தாவது வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வேகமாக நடந்து வந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர்போல, இடுப்பில் கேண்டீன் ஏப்ரன் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

காதர் நிறுத்தினார். பாட்டு நாற்பது விநாடி ஓடியிருக்கும்.

"என்னாய்யா ஆளுங்க நீங்க? சாவு விழுந்த லோரோங்ல வந்து குத்துப் பாட்டு போடறீங்க?"

என் கை டின்னோடு மேலேயே நின்றுவிட்டது. காதர்தான் மெதுவாக அதை வாங்கி உள்ளே வைத்தார்.

"எங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதா? யார் வீட்ல டிவி ஓடுது, யார் வீட்ல ஓடலைன்னு ஆபீஸ்ல உக்காந்தே உங்களுக்குத் தெரியுமாம்ல? சாவு விழுந்தது மட்டும் தெரியாதாக்கும்!"

அவர் பெயர் சரோஜா, ஐம்பத்தாறு வயது, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கத்தில் ஒரு கேண்டீனில் சமையல் வேலை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே போன வருஷம் பாலாய் ராயால வந்து மைக் பிடிச்சுப் பேசினது?"

நான்தான். அதற்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பு, அந்தத் தாமானின் பாலாய் ராயா மண்டபத்தில் ஒரு மாலை பேசி, அந்த ஒரே மாலையில் இந்த இருபத்து மூன்று வீடுகளையும் சேர்த்திருந்தேன். நாலாயிரம் படம் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்று பார்த்தாலும் பத்து வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அந்தக் கணக்கில்தான் ஜனங்கள் மயங்கிவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயம். தலைமையகத்தில் என்னைக் கூப்பிட்டு மற்றக் கிளைக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். பதினோரு மாதம் சொல்லிக்கொடுத்தேன்.

"பதினோராம் நம்பர் வீட்டுப் பெருமாள் அண்ணன் தவறிட்டாரு. ஆறாந் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு" என்றார் சரோஜா. "பதினாறு முடியற வரைக்கும் இங்க யார் வீட்லயும் டிவி கிடையாது, பாட்டு கிடையாது."

"எல்லாரும் அவருக்குச் சொந்தமா?"

"சொந்தம் இல்ல. ஒரே லயம்."

அந்த இருபத்து மூன்று குடும்பங்களும் ஒரே ரப்பர் தோட்டத்தின் ஒரே டிவிஷனிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தை விற்றபோது இந்த லோரோங்கில் வீடு வாங்கிச் சேர்ந்து குடியேறியிருக்கிறார்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இடையில் பலகைச் சுவர்தான் இருக்கும். ஒரு வீட்டில் பாடும் ரேடியோ பத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் ஒரு வீட்டில் சாவு என்றால் லயம் முழுக்கச் சத்தம் கிடையாது. இப்போது கல் சுவர் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. நான் மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் செத்த வீட்டில் மட்டும்தான் டிவியை நிறுத்துவார்கள். மற்ற இருபத்து இரண்டு வீடுகளும் நிறுத்தும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் பட்டியலுக்கும் தோன்றவில்லை.

"வந்ததுதான் வந்துட்டீங்க. அண்ணன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க. வெறுங்கையோட வராதீங்க" என்றார் சரோஜா.

காதர் வேனைத் தாமான் முனையில் இருந்த பூக்கடைக்குத் திருப்பினார். பதாகையை வழியிலேயே சுருட்டினோம். ஒரு மாலை வாங்கி, நடந்தே திரும்பி வந்தோம்.

பதினோராம் நம்பர் வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த மேசையில்தான் பெருமாளின் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். டிவியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. நான் மாலையைப் போட்டேன். காதர் கைகட்டி ஓரமாக நின்றார். பெருமாளின் மனைவி கண்ணம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். தேத்தண்ணீர் வந்தது.

நாங்கள் யார் என்று சரோஜா சொன்னதும் அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யப்பா, நீங்க அந்தப் படக் கம்பெனியா? அவ கதவத் தொறந்தாளா இல்லியா?"

எனக்குப் புரியவில்லை.

"யக்கா! சும்மா இரு" என்று சரோஜா அதட்டினார். "பதினாறு முடியட்டும்."

"பாக்கவா கேட்டேன்? தொறந்தாளான்னுதானே கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

நம் செயலியில் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஏழரைக்கு ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஜூன் ஐந்து திங்கட்கிழமை எபிசோடு, கதாநாயகி மாமியாரின் அறைக் கதவில் கை வைப்பதோடு முடிந்திருந்தது. மறுநாள் நான்கு மணிக்குப் பெருமாள் போய்விட்டார். அந்தக் கதவுக்கு முன்னால் இருபத்து மூன்று வீடுகளும் ஒன்பது நாளாக நின்றுகொண்டிருந்தன.

காதர் சரோஜாவிடம் ஆச்சரியமாகக் கேட்டார். "ஏன்க்கா, போன்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் பாத்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? காலையில பெக்டரி பஸ்ல இவளுங்களோட உக்காந்துக்கிட்டு மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? ஜொகூர்ல இருக்கற என் தங்கச்சி போன வாரம் போன் போட்டு, 'அக்கா, கதவுக்குப் பின்னால...'ன்னு ஆரம்பிச்சா. கட் பண்ணிட்டேன். இன்னும் பேசல."

"அவ்ளோ நல்ல தொடரா?"

"நல்லாவா? சகிக்காது லா" என்றார் சரோஜா. "ஆனா பஸ்ல ஏறினா நாப்பது நிமிஷம். வேற என்னாத்தப் பேசறது?"

நாலாயிரம் படத்தில் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்து, இரண்டு என்றார். கண்ணம்மா ஒன்றுகூட இல்லை என்றார்.

"அப்புறம் எதுக்காகச் சேந்தீங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன இப்பிடித்தான் ஒரு சாவு. அப்பல்லாம் டிவில போடற தொடர்தான் பாப்போம். பதினாறு முடிஞ்சு வந்து போட்டா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சு! யாரக் கட்டினான்னுகூட தெரியல. விட்டுட்டோம். மொத்த லோரோங்கும் விட்டுருச்சு. ஒரு வருஷம் பஸ்ல எல்லாரும் தூங்கிக்கிட்டுப் போனோம். அப்பதான் நீங்க வந்து பேசினீங்க. எப்ப வேணும்னாலும் பாக்கலாம், ஓடிப் போகாது, உங்களுக்காகக் காத்திருக்கும்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லியா?" என்றார் சரோஜா.

சொன்னேன். ஒரு மணி நேரப் பேச்சில் அது ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்காக இருபத்து மூன்று வீடுகள் பதினோரு மாதம் பணம் கட்டியிருக்கின்றன.

பிள்ளைகளே, அந்தத் தொடர் காத்திருக்காது. ஒரு எபிசோடு வெளியாகிப் பதினான்கு நாள்தான் செயலியில் இருக்கும். அதன்பிறகு போய்விடும். உரிமை வாங்கும்போது அப்படித்தான் ஒப்பந்தம். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் வாசித்துக் காட்டவில்லை.

முழங்காலுக்குக் கீழே கையை மறைத்து விரல் மடக்கினேன். ஆறாம் தேதி எபிசோடு இருபதாம் தேதி போகும். ஏழாம் தேதியினுடையது இருபத்தொன்றில். எட்டாம் தேதியினுடையது இருபத்து இரண்டில். பதினாறாம் நாள் காரியம் இருபத்தொன்று, புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை இரவு இவர்கள் டிவியைப் போடும்போது கதவைத் திறக்கிற எபிசோடும் அடுத்த இரண்டும் இருக்காது.

சொல்லாமல் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கிற வரை நினைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். தைரியத்தால் சொல்லவில்லை. இருபத்து இரண்டாம் தேதி இரவு இருபத்து மூன்று போன் வரும், அதைவிட இது ஒரே ஆளிடம் முடியும் என்ற கணக்கில்தான் சொன்னேன்.

சரோஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அப்ப டிவிக்கும் உங்களுக்கும் என்னா வித்தியாசம்?"

"மூணு எபிசோடுதாம்மா. கதைய நான் வேணும்னா எழுதி..."

"கதை கேக்கவா மாசம் பதினஞ்சு வெள்ளி கட்டறோம்? பாருங்கண்ணே, மூணும் இருந்தா இருக்கோம். இல்லன்னா முப்பதாந் தேதியோட நிறுத்திக்கறோம். எல்லா வீடும். நான் ஒருத்தி சொன்னாப் போதும்."

அது மிரட்டல் இல்லை. நாளைக்குக் கேண்டீனில் என்ன சமையல் என்று சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை கோலாலம்பூருக்குப் போன் செய்தேன். எங்கள் பகுதியைப் பார்த்துக்கொண்ட மேலாளர் திவ்யாவுக்கு முப்பத்தொரு வயது, மிகக் கெட்டிக்காரி. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"அங்கிள், ரைட்ஸ் பிரச்சன லா. பதினாலு நாள்னா பதினாலு நாள்தான். ஒண்ணு பண்றேன், அந்த இருபத்து மூணு வீட்டுக்கும் ஞாயித்துக்கிழமை மெசேஜ் போட்டுடறேன். 'ரெண்டே நாள்ல மறையப்போகுது, சீக்கிரம் பாருங்க'ன்னு. அதுக்கு நல்லா ரெஸ்பான்ஸ் இருக்கும்."

"வேணாம்மா! அத மட்டும் அனுப்பாதே!"

நான் கத்தியதில் பக்கத்து மேசைப் பெண் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

திவ்யா வேறு வழி ஒன்று சொன்னார்: உரிமைக்காரர்களிடம் எபிசோடுக்கு 480 ரிங்கிட் கட்டினால் ஒரு வாரம் நீட்டித்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் 1,440. கிளையின் விளம்பரக் கணக்கிலிருந்து கட்டலாம். திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும்.

"உங்க கணக்குல இருக்கா அங்கிள்?"

இருந்தது 114 ரிங்கிட். மீதி நாற்பத்தெட்டு டின்னாக அலமாரிமேல் அடுக்கியிருந்தது.

"கம்பெனி கொடுக்காதா?"

"இருபத்து மூணு வீடு, மாசம் 342 வெள்ளி எழுபது காசு. நாலு மாசம் ஆகும் இந்தக் காசு திரும்பி வர. அதுக்குள்ள வேற ஒருத்தர் செத்தா? நான் எழுதினா மேல சிரிப்பாங்க, அங்கிள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கணக்குல காசு இருந்தா நான் அப்ரூவ் பண்ணுவேன். யார் போட்டதுன்னு கேக்க மாட்டேன்."

காதர் டின்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். மொத்த வியாபாரக்காரர் அவருக்குத் தெரிந்தவர்தான். மூடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம்.

"எல்லாத்துலயும் ஸ்டிக்கர் இருக்கே சார், எடுக்க மாட்டேங்கறாரு. பிச்சா தகரம் கீறுது. அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கீங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் கூட்டியும் கழித்தும் திரிந்தேன். என் மனைவி இரண்டு முறை சோற்றைச் சூடுபண்ணினாள். கம்பெனியின் கணக்குப்படி திவ்யா சொன்னது சரி. என் கணக்குப்படியும் சரி. நான் ஓய்வுபெறப் போகிறவன், எனக்கு இதில் ஒரு சென் லாபம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் கூட்டினாலும் அந்த ஒரு வாக்கியம் வந்து நின்றது. கம்பெனி சொன்னதில்லை அது. பொடி எழுத்தில் கம்பெனி உண்மையைத்தான் அச்சடித்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்கு எதிராகச் சொன்னது நான்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு, குறைந்ததை என் கையிலிருந்தே போட முடிவு செய்தேன். வங்கிச் செயலி இரண்டு முறை கடவு எண்ணைத் தவறு என்றது. நான் தவறாகத்தான் போட்டேன். மூன்றாவது முறை, சீட்டில் நான் எழுதி வைத்திருந்த எண்களைக் காதர் உரக்க வாசிக்க நான் அழுத்தினேன். 1,326 ரிங்கிட், மணி 11.52. 11.58க்கு திவ்யாவிடமிருந்து கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்று மட்டும் வந்தது.

இருபத்து இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. காதரும் நானும் அலுவலகத்திலேயே இருந்தோம். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டேன். மணி ஏழரை. இருபத்து மூன்றும் சிவப்பு. ஏழு நாற்பது, சிவப்பு. ஏழு ஐம்பத்தைந்துக்கு நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

"சார், உக்காருங்க. மழை பேயுது" என்றார் காதர்.

"மழைக்கும் டிவிக்கும் என்னா சம்பந்தம்?"

எட்டு மணி பதினொரு நிமிடத்துக்கு முதல் வீடு பச்சையானது. எட்டு பன்னிரண்டுக்குள் இருபத்து இரண்டு வீடுகள். எல்லாமே ஆறாம் தேதி எபிசோடு. காதர் மேசையைத் தட்டினார். நானும் தட்டியிருப்பேன், ஆனால் ஒன்று குறைந்தது. பதினோராம் நம்பர். கண்ணம்மாவின் வீடு கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.

இந்த முறை விதியைப் பார்க்கவில்லை. காலையில் சரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"ஏன் எட்டு மணிக்கு மேல ஆச்சு?"

"ஓவர்டைம் முடிஞ்சு வந்தா, மழையில பஸ் லேட்டு லா. நாங்க எட்டுப் பேரு அதுல மாட்டிக்கிட்டோம். நாங்க வராம எப்பிடிப் போடுவாங்க?"

"பதினோராம் நம்பர் போடவே இல்லையேம்மா?"

"அக்கா என் வீட்ல உக்காந்து பாத்தாங்க. அவங்கள அங்க தனியா விட்டுட்டுப் பாப்பமா? இனிமே இங்கதான்."

"அப்ப அந்த வீட்டுச் சந்தா?"

"அது ஓடட்டும்னுட்டாங்க. அவரு பேர்ல இருக்காம்." பிறகு சிரித்தார். "கதவத் தொறந்துட்டா, அண்ணே! உள்ள யாருமே இல்ல. இதுக்கா பதினாறு நாள்னு யக்கா ஒரே திட்டு. இன்னிக்கு பஸ்ல ஒரே சண்ட."

ஜூன் 30 அன்று எங்கள் எண்ணிக்கை 1,206. கிளை மூடப்படவில்லை. காதர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார், போய்ப் பாருங்கள். டின் பிஸ்கட்டை ஐந்து மாதம் தின்று தீர்த்தோம்.

அந்த மூன்று எபிசோடுகளையும் நீட்டித்த வாரத்தில் மற்ற ஊர்களிலும் ஆட்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று திவ்யா பின்னால் சொன்னார். ஏன் தாமதமாகப் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிரசவமாக இருக்கலாம், இரவு ஷிஃப்டாக இருக்கலாம், சாவாகவும் இருக்கலாம். எட்டு மாதம் கழித்துத் தலைமையகம் பதினான்கு நாளை முப்பது நாளாக்கியது. யாரோ ஒரு ஆலோசகர் சொன்னாராம்.

நீங்கள் இனி சிவப்பு வீடுகளைப் பார்ப்பீர்கள். உங்கள் பட்டியல் என்னுடையதைவிடக் கெட்டிக்காரப் பட்டியல், மணிவாரியாகப் பிரித்துக் காட்டும். ஒரு வீடு பார்க்காமல் இருக்கிறது என்றுதான் அது சொல்லும், நம்மை விட்டுப் போய்விட்டது என்று சொல்லாது. அந்த இரண்டாவது வரியை நாமே எழுதிக்கொள்கிறோம். எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். சேர்க்கும்போது மைக்கில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் கேட்கிறவர்கள் அதில் எந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகையால் எல்லா வாக்கியத்தையும் காப்பாற்றக்கூடியதாகப் பேசுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற மூன்று முறை எழுதினேன். முதல் முறை ரசீது இல்லை என்றார்கள். இரண்டாம் முறை ரசீது இருந்தது, படிவம் பழையது என்றார்கள். மூன்றாம் முறை, கிளைக் கணக்கில் பணம் போட ஊழியருக்கு அனுமதியே இல்லை, இதை இத்தோடு விட்டுவிடுவது உங்களுக்கு நல்லது என்று ஒருவர் அன்பாகச் சொன்னார். விட்டுவிட்டேன். கட்டிய 1,326 ரிங்கிட் என்பது எண்பத்தொன்பது மாதச் சந்தா, பத்து சென் மட்டும் குறைவு. பெருமாளுக்கு அன்று வாங்கிய பூமாலை முப்பத்தைந்து. அதற்கு மட்டும் நான் பில் கேட்கவில்லை. அதையும் சேர்த்தால் என் கையிலிருந்து போனது 1,361 ரிங்கிட்.